எட்டுத் தவணையில் ஒரு வழியனுப்பு

2021 ஜனவரி 6, புதன்

பள்ளி வாசலில் இன்று வரிசை நின்றது! பத்து மாதத்துக்குப் பிறகு முதல் வரிசை. மாணவிகள் இல்லை, பெற்றோர்தான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொங்கல் கழித்துப் பள்ளியைத் திறக்கலாமா என்று பெற்றோரிடம் எழுத்தில் கருத்து வாங்கும்படி உத்தரவு. இருபத்தைந்து இருபத்தைந்து பேராக உள்ளே விட்டோம்.

படிவத்தை நீட்டி, "திறக்கலாம், திறக்க வேண்டாம், ரெண்டுல ஒண்ணுக்கு டிக் போடுங்க" என்றேன். பீடி சுற்றிக் கறுத்த விரல்களோடு ஒரு தாய் பேனாவை வாங்கினாள். "டிக் எல்லாம் எதுக்கு டீச்சர். நாளைக்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. பத்து மாசமா வீட்டுல வச்சு நான் பட்ட பாடு போதும்" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. முகக்கவசத்துக்குள் நானும்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திறக்கச் சொல்லிவிட்டார்கள். செவல்பேரி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை தங்கபுஷ்பம் என்று கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்பினேன். கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்திருந்தது.

ஜனவரி 12, செவ்வாய்

சுத்தம் செய்யும் வேலை. வேதியியல் ஆய்வகத்தில் குளவிக் கூடு, கழிவறைக் குழாயில் எறும்புப் புற்று, 12 'ஏ' கரும்பலகையில் போன மார்ச் மாதத்துத் தேதி. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. சங்கரநயினார் சார் ஒரே இழுப்பில் அழித்துவிட்டார்.

அவர் உதவித் தலைமையாசிரியர். வேதியியல். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார், என்னிடம் அதுகூட இல்லை. காரணம் தெரிந்ததுதான். போன மே மாதம் ஐம்பத்தெட்டு முடிந்து நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். நான் போனால் பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்து அவர். அந்த மாதம் பார்த்து அரசு ஓய்வு வயதை ஐம்பத்தொன்பது ஆக்கிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

ஜனவரி 17, ஞாயிறு

விடுமுறை. எழுத ஒன்றுமில்லை. பள்ளிக்குப் போய் வகுப்பறைகளின் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 19, செவ்வாய்

திறந்துவிட்டோம்!

ஏழரைக்கே வந்துவிட்டார்கள். வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருத்தி. வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள், ஊசி போடப் போவதுபோல. எல்லோரும் வளர்ந்திருக்கிறார்கள். சுடிதாரின் கை முழங்கையை நோக்கி ஏறியிருக்கிறது. தையல் டீச்சர் ஞானசுந்தரி அங்கேயே நின்று, "நீ சாயங்காலம் வா, மடிப்ப அவுத்துத் தாறேன். நீயும் வா" என்று பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார். வைட்டமின் மாத்திரை கொடுத்தோம். "சாக்லேட் இல்லையா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

தொட்டுக்கொள்ளக் கூடாது என்று நூறு முறை சொன்னேன். தோழிகள் ஆறடி தூரத்தில் நின்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்ததால் துடைக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் தொண்ணூற்றாறு பேர். வந்தது எண்பத்துமூன்று. அந்தப் பதின்மூன்று பெயர்களைத் தனித்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 25, திங்கள்

ஐந்து நாளாக மாலையில் வீடு வீடாகப் போகிறேன். ஒருத்திக்குப் பேருந்து இல்லை. இருவருக்குக் காய்ச்சல் பயம். நால்வர் நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். எட்டுப் பேர் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று மேலத்தெருவில் பிரம்மசக்தி வீடு; சங்கரநயினார் சாரும் உடன் வந்தார். அறிவியல் பிரிவு, பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே மூன்றாவது மதிப்பெண். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள்! அத்தை மகன்; சித்திரையில் முகூர்த்தம். அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறதாம், அதற்குப் பிறகுதான் என்பதால் சட்டம் பேச வழியில்லை. அப்பா பலவேசம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நான் கொஞ்சம் உறுதியாகப் பேசினேன். பெண் வெளியே வரவே இல்லை.

பிப்ரவரி 8, திங்கள்

ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் திறந்தாயிற்று. பள்ளியில் சத்தம் வந்துவிட்டது. பள்ளி மணியை யார் அடிப்பது என்று இரண்டு பெண்களுக்குள் சண்டை. தீர்த்துவைக்காமல் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வருகை: தொண்ணூற்று மூன்று.

பிப்ரவரி 25, வியாழன்

ஓய்வு வயது அறுபது ஆகிவிட்டது. செய்தி கைப்பேசியில் வந்தபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு இன்னும் ஒரு வருடம். இந்த மே மாதத்தோடு போகவேண்டியதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சங்கரநயினார் சார் எழுந்து வந்தார். "வாழ்த்துகள் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். குரலில் எதுவும் இல்லை. வகுப்புக்குப் போய்விட்டார்.

மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அதை இங்கேதான் எழுத முடியும்.

மார்ச் 5, வெள்ளி

தொண்ணூற்றைந்து! நூற்பாலைப் பெண்கள் நால்வரும் வந்துவிட்டார்கள். பாக்கி ஒருத்திதான்.

இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் என் அறைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் ஆவுடையம்மாள், வாயாடி. "டீச்சர், போன வருஷத்து அக்காமார் கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் ஊரடங்குக்குப் பயந்து ஓடியே போயிட்டாவ. ஒரு போட்டோகூட இல்ல. எங்களுக்கும் அப்படிப் பண்ணிராதீங்க" என்றாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"பிரைவேட் ஸ்கூல்ல போடுவாங்கல்லா, கறுப்பு அங்கி. அதப் போட்டு, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, சான்றிதழ் குடுக்கணும்."

ஞானசுந்தரி டீச்சரைக் கூப்பிட்டேன். தையல் அறையில் ஐந்து மிதி இயந்திரங்கள் ஒரு வருடமாகச் சும்மா கிடக்கின்றன. கேட்டதும் அவர் கண் பெரிதாகிவிட்டது. "தொண்ணூத்தாறும் தைக்கணுமா?" "முடியுமா?" "துணி எடுத்துக் குடுங்க, அப்புறம் கேளுங்க." விழாவை ஏப்ரல் ஒன்பதாம் தேதி, தேர்தல் முடிந்த வாரத்தில், மைதானத்தில் வைப்பதாக முடிவு செய்தோம். ஆசிரியர்கள் அத்தனை பேரும் தலைக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வரவேற்புரை.

மார்ச் 12, வெள்ளி

இடைவேளையில் ஆவுடையம்மாள் மறுபடி வந்தாள், இந்த முறை தனியாக.

"டீச்சர், பிரம்மசக்தி வீட்டுக்கு இனிமே போகாதீங்க."

"ஏன்?"

"அவ கல்யாணத்துக்குப் பயப்படல. பரீட்சைக்குத்தான் பயப்படுதா." காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். வீட்டில் ஒரே கைப்பேசி, அது அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போய்விடும். டி.வி. பாடம் நேரத்தில் பிரம்மசக்தி அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து மாதத்தில் ஒரு பாடம் படிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் மூன்றாவதாக வந்தவள், இப்போது தோற்றால் தெருவே சிரிக்கும். அதனால் அவளே அப்பாவிடம், "படிப்பு போதும்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். சரி, பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்று நினைத்து, அத்தை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தத்துக்கு அவர் தலையாட்டியிருக்கிறார்.

"உனக்கு எப்பவிருந்து தெரியும்?"

"ஜனவரியிலயே தெரியும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஆனா நீங்க அன்னைக்கு அவ அப்பாவ அப்படிப் பேசினதுல இருந்து அவ சாப்பிடவே மாட்டேங்கா டீச்சர்."

அவளை வகுப்புக்கு அனுப்பினேன். மேசை மேல் கோப்புகள் இருந்தன. எதையும் தொடவில்லை.

பிறகு சங்கரநயினார் சாரிடம் கேட்டேன். "சார், ஜனவரியில பலவேசம் வீட்டுக்கு நீங்களும்தானே வந்தீங்க. நான் ரொம்பவா பேசிட்டேன்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "தெருவுல வச்சுப் பேசினீங்க டீச்சர். பொம்பளைப் பிள்ளைய விக்கப் பாக்கீங்களான்னு கேட்டீங்க. போலீஸக் கூட்டிட்டு வருவேன்னீங்க. பத்து வீட்டுச் சனம் நின்னு பாத்துட்டு இருந்துது."

ஆமாம். அந்தச் சொற்கள் வந்தன. ஜனவரி 25ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'கொஞ்சம் உறுதியாக' என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 13, சனி

போனேன். பள்ளி வேலையாக அல்ல. தனியாக.

பலவேசம் மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தோளில் சாக்கின் தூசி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் தெருவிலேயே நின்றேன். அன்றைக்கு எங்கே நின்று பேசினேனோ அங்கேயே.

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. விசாரிக்காமப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். எதிர்வீட்டுப் பெண் வாளியோடு நின்றுவிட்டாள். நிற்கட்டும்.

அவர் தோளின் தூசியைத் தட்டிவிட்டார். பிறகு, "நான் பெத்த பிள்ளைக்கு நானே எதிரியா டீச்சர்?" என்றார். "அவ போதும்னா. சரின்னேன். படிக்கேன்னு சொல்லியிருந்தா மூட்டையோட மூட்டையா அவளையும் தூக்கிட்டு வந்து ஸ்கூல்ல விட்டிருப்பேன்."

"அவளுக்குப் படிப்பு பிடிக்காம இல்ல. தோத்துருவோமோன்னு பயம். அத உங்ககிட்டச் சொல்ல வெக்கம்."

அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். "ஏ தாயி. டீச்சர் சொல்லுதது நெசமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து பிரம்மசக்தியின் குரல் மட்டும் வந்தது. "தோத்தா என்ன செய்யட்டும்?"

"தோத்தா மறுபடி எழுது" என்றேன். "நானே பி.ஏ.யில ஒரு பேப்பர ரெண்டு தடவை எழுதினவதான்." இதை முப்பத்தாறு வருட வேலையில் யாரிடமும் சொன்னதில்லை. எதிர்வீட்டுப் பெண்ணும் கேட்டாள்.

கதவு திறந்தது. பெண் இளைத்துத்தான் போயிருந்தாள்.

மார்ச் 14, ஞாயிறு

மகன் துபாயிலிருந்து பேசவில்லை, வேலை இருக்கும். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாளை வருவாளா?

மார்ச் 15, திங்கள்

வந்துவிட்டாள். தொண்ணூற்றாறு! தொண்ணூற்றாறு!

ஆவுடையம்மாள் தூரம் கீரமெல்லாம் மறந்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கல்யாணம் நிற்கவில்லை. சித்திரை முகூர்த்தம் அப்படியே இருக்கிறது. பலவேசம் சொன்னது இவ்வளவுதான்: "பரீட்சை எழுதட்டும். அக்காகிட்டச் சொல்லிருக்கேன்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மார்ச் 20, சனி

திங்கள் முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு மறுபடி விடுமுறை. தொற்று ஏறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் நடக்கலாம். மணி அடிக்கச் சண்டை போட்ட இரண்டு பெண்களும் போகும்போது ஆளுக்கொரு தடவை அடித்துவிட்டுப் போனார்கள்.

ஞானசுந்தரி டீச்சர் இருபத்துநான்கு அங்கிகள் முடித்துவிட்டார். கறுப்புத் துணி, கழுத்தில் மஞ்சள் பட்டை. ஒன்றை எடுத்து உதறிக் காட்டினார். அங்கி சரசரத்தது! அட்டையில் தொப்பியும் செய்யலாம் என்றார். தொப்பியைத் துவைக்க முடியாது, வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 1, வியாழன்

கூட்டம் கூட்டி விழா எதுவும் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. ஒன்பதாம் தேதி விழா இல்லை.

பிள்ளைகளிடம் நானே போய்ச் சொன்னேன். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞானசுந்தரி டீச்சர் எழுபத்திரண்டு அங்கிகளுக்கான துணியை மடித்து அலமாரியில் வைத்தார்.

ஏப்ரல் 6, செவ்வாய்

வாக்குப்பதிவு. நம் பள்ளியில் நான்கு சாவடிகள். ஊரே வந்து வட்டத்தில் நின்று வாக்களித்துவிட்டுப் போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாயிரம் பேர் ஒரு நாளில் வரலாம். தொண்ணூற்றாறு பேர் நிற்கக் கூடாதா?

ஏப்ரல் 9, வெள்ளி

இன்று விழா நடந்திருக்க வேண்டிய நாள். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்தது!

மாலை நாலு மணிக்குச் சங்கரநயினார் சார் செய்முறைத் தேர்வு அட்டவணையோடு வந்தார். பதினாறாம் தேதி தொடங்குகிறது. இடைவெளி விடவேண்டியிருப்பதால் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்திருக்கிறார். வணிகவியல் பிரிவுக்குக் கணினி அறையில், அறிவியல் பிரிவுக்கு ஆய்வகத்தில். காலையில் ஒரு அணி, மதியம் ஒரு அணி, நாலு நாள். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போகவில்லை.

"எட்டு அணி டீச்சர்" என்றார்.

"ஆமா."

"ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேரு. அது கூட்டம் இல்ல. வகுப்பு." தாளை என் பக்கம் திருப்பினார். "இருபத்துநாலு அங்கி இருக்கு. காலைல பன்னெண்டு, மதியம் பன்னெண்டு. சாயங்காலம் துவைச்சுப் போட்டா இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். என்ன ஒண்ணு, எட்டு தடவை நடத்தணும். எட்டு தடவை நீங்க பேசணும். முடியுமா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "எண்பது தடவைகூடப் பேசுவேன் சார்!"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அவர் நகைச்சுவைக்காரர் என்பது இத்தனை வருடத்தில் இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு இன்னொன்றும் சொன்னார். "டீச்சர், உங்க ரிட்டயர்மென்ட் தள்ளிப் போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. போக முடியலையேன்னு நீங்கதான் வருத்தப்படுதீங்களோன்னு பேசாம இருந்தேன். இந்த நேரத்துல அந்த நாற்காலிய எங்கிட்டக் குடுத்தா நான் ஓடிருவேன்."

ஏப்ரல் 12, திங்கள்

கல்வி அதிகாரியிடம் தொலைபேசியில் விளக்கினேன். செய்முறைத் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பன்னிரண்டு பிள்ளைகள் மைதானத்தில் பத்து நிமிடம் நிற்பார்கள், ஆளுக்கு ஒரு பெற்றோர் மட்டும் எதிரே வட்டத்தில். எல்லோருக்கும் முகக்கவசம்.

"விழான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க மேடம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நல்லபடியா அனுப்பி வைங்க" என்றார்.

ஆய்வகத்தில் ஒரே பயிற்சி. பிரம்மசக்தியும் ஆவுடையம்மாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட பியூரெட் என்கிற அந்த அளவுக் குழாயை விட்டு நகர்வதில்லை. ஒரு சொட்டு கூடிவிட்டால் நிறம் கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. "இது எத்தனாவது?" என்று கேட்டேன். "பதினெட்டு" என்றாள் பிரம்மசக்தி. முகத்தில் பயம் இல்லை, எரிச்சல்தான். நல்ல அறிகுறி.

ஏப்ரல் 16, வெள்ளி

முதல் இரண்டு அணிகள்!

வேப்பமரத்து நிழலில் பன்னிரண்டு வட்டம், எதிரே பன்னிரண்டு வட்டம். ஒருத்தி ஒருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அங்கி போட்ட பெண் நடந்து வந்து மேசையிலிருந்து சான்றிதழைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும், கை குலுக்கல் கிடையாது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரே ஒரு வாக்கியம்: பெயரும், அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பதும். ஒவ்வொருத்திக்குப் பிறகும் மைக்கைத் துடைக்கச் சங்கரநயினார் சார் சானிடைசரும் துணியுமாக நின்றார்.

என் பேச்சு முதல் அணிக்கு இருபது நிமிடம் ஆனது. வெயில் பிள்ளைகள் மேல் ஏறிவிட்டது. மதியம் பத்து நிமிடமாகக் குறைத்தேன். சார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நான் போலீஸ் ஆகப் போறேன்" என்றாள் நூற்பாலையிலிருந்து திரும்பி வந்த பெண். அவள் அம்மா வட்டத்துக்குள் நின்றபடியே துள்ளினாள்.

ஏப்ரல் 18, ஞாயிறு

நேற்று அணி மூன்று, நான்கு முடிந்தன. பொதுத்தேர்வு ஒத்திவைப்பு. செய்முறைத் தேர்வு தொடரும். செவ்வாய் முதல் இரவு ஊரடங்கு. ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நமக்கு இன்னும் நாலு அணி இருக்கு, நடந்துரும்ல?" என்று கேட்டுக்கொண்டோம். இந்த ஞாயிற்றுக்கிழமை போனதே தெரியவில்லை.

ஏப்ரல் 19, திங்கள்

அணி ஐந்து, ஆறு. பேச்சு நான்கு நிமிடம்.

ஏப்ரல் 20, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஏழாம் அணி நன்றாக முடிந்தது. மதியம் எட்டாவது, கடைசி. தாமதமாகச் சேர்ந்ததால் பிரம்மசக்தியின் பெயர் அந்தப் பட்டியலில் கடைசி. ஆய்வகத்துக்கு வெளியே நான் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்க்கக் கூடாது, பார்த்தேன். அவள் கண்ணுக்கு நேரே பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர் அவள் தாளைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வரலாறு படித்தவள்.

மூன்றரைக்கு மைதானம். எதிர் வட்டத்தில் பலவேசம், துவைத்த வெள்ளைச் சட்டையில். ஒருவருக்கு ஒருவர்தான் அனுமதி என்பதால் அவருடைய அக்கா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, வாசல் கம்பிக்கு வெளியே நின்றார். மருமகள் அங்கி போடுவதைப் பார்க்க வந்திருக்கிறார். கையில் பூப்பொட்டலம்.

என் பேச்சு இரண்டு வாக்கியம். "நீங்க எல்லாரும் திரும்பி வந்தீங்க. எனக்கு அது போதும்."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். செவிலியர், ஆசிரியை, "இன்னும் யோசிக்கல டீச்சர்", மறுபடி செவிலியர். கடைசியாகப் பிரம்மசக்தி. சான்றிதழை எடுத்தாள். மைக் முன் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லப்போவதாகக் காலையில் ஆவுடையம்மாளிடம் சொல்லியிருந்தாளாம்.

"எம் பேரு பிரம்மசக்தி" என்றாள். "இன்னைக்கு எனக்கு பியூரெட் ரீடிங் மூணு தடவையும் ஒண்ணுபோல வந்துட்டு."

சங்கரநயினார் சார் துணியோடு அப்படியே நின்றார்.

"நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரணும். அப்பா, போதும்னு நான்தான் சொன்னேன். அது பயத்துல சொன்னது. கல்யாணம் மூணு வருஷம் கழிச்சு வைங்கப்பா. அத்தான் நல்லவுகதான். ஆனா நான் படிச்சிட்டு வாறேன்."

ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும் என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பெரிய ஒலிபெருக்கி, தெருவரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு வாய் துடித்தது. ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, முகக்கவசத்துக்கு மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டேன். இது நான் பேச வேண்டிய இடம் இல்லை.

பலவேசம் வட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. அங்கிருந்தே, ஒலிபெருக்கி இல்லாமல், மார்க்கெட்டில் கூவும் குரலில் கேட்டார். "இப்ப சொல்லுதது பயத்துலயா, நெசமாவா?"

"நெசமாத்தான்ப்பா!"

"அப்ப சரி தாயி."

பிறகு அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். எல்லோரும் திரும்பினோம். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா பூப்பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். முகம் இறுகியிருந்தது. அவமானம்தானே, தெரு முழுக்கக் கேட்க. அவர் தன் தம்பியைப் பார்த்தார், மேசைப் பக்கம் பார்த்தார்.

"இத வீட்டுல வச்சுச் சொல்லத் தெரியலையாட்டி உனக்கு?" என்றார் உரக்க.

"வீட்டுல பயமா இருந்துது அத்தை."

"இத்தனை பேருக்கு முன்னால பயம் இல்லயோ?"

"இல்ல அத்தை." அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல ஒரு சிரிப்பு. "இங்க இல்ல."

அந்த அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. "பத்திரிகை அடிக்கக் குடுக்காதது நல்லதாப் போச்சு" என்றார், தம்பியிடம் சொல்வதுபோல. பிறகு பூவைக் கம்பி வழியாக நீட்டினார். "இந்தா, இத வச்சிட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லு. கறுப்புத் துணியில பிள்ள எப்படி இருக்கு பாரு."

பதினொரு பெண்களும் கத்திய கத்தில் வேப்பமரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. ஞானசுந்தரி டீச்சர் ஓடிப்போய்ப் பூவை வாங்கிவந்து வைத்துவிட்டார். சங்கரநயினார் சார் மைக்கைத் துடைக்க மறந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், சானிடைசரால்.

தொண்ணூற்றாறு பேரையும் அனுப்பியாயிற்று.

ஜூலை 19, திங்கள்

பொதுத்தேர்வு ரத்தாகி, பழைய மதிப்பெண்களையும் செய்முறைத் தேர்வையும் சேர்த்துக் கணக்கிட்டு இன்று முடிவு வந்தது. எல்லோரும் தேர்ச்சி. இந்த மூன்று மாதமும் எழுதவில்லை. எழுதும்படியான மாதங்கள் இல்லை அவை. சங்கரநயினார் சார் மே மாதம் பதினோரு நாள் ஆக்ஸிஜனில் இருந்தார். தினமும் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். இப்போது நடக்கிறார். முடிவுத்தாளை அவர்தான் வாசித்தார், மூச்சு வாங்க, ஒரு பெயர் விடாமல்.

செப்டம்பர் 1, புதன்

மறுபடி திறந்தோம்! கல்லூரிகளும் இன்றுதான் திறப்பு. வாசலில் புதிய வட்டங்கள், புதிய பன்னிரண்டாம் வகுப்பு. நூற்று இரண்டு பேர். வந்தது தொண்ணூற்று மூன்று.

பள்ளிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் மகளைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் பலவேசம் சாலையைத் தாண்டி வந்தார். "ஜன்னலோரம் இடம் கிடைச்சிட்டு டீச்சர்" என்றார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அது என்ன?"

"வராத பிள்ளைங்க. ஒன்பது பேரு. சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்."

அவர் தாளை வாங்கி, பெயர்களை விரல் வைத்துப் படித்தார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது.

"இந்தப் பிள்ள எங்க தெருதான். அப்பன்காரன் எங்கூட மூட்டை தூக்குதவன். நாலு மணிக்கு நானும் வாறேன்." தாளைத் திருப்பித் தந்தார். "ஆனா ஒண்ணு டீச்சர். நீங்க பேச வேண்டாம். நான் பேசுதேன்."

சரி என்றேன்.